குச்சனூரில் விட்ட கார்டு

கையில் மைக்கைக் கொடுத்தால் எனக்கு வாய் நிற்காது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ராயப்பன்பட்டி மாதா கோயில் திருவிழாவில் ஒரு சாயங்காலம், சப்பரம் கிளம்புவதற்கு முன்னால், பட்டிமன்றம் நடக்கும். பத்துப் பதினைந்து வருடமாக அதில் ஒரு பக்கத்துக்குத் தலைமை ஆண்டனி ராஜ், அதாவது அடியேன். “திராட்சை வெளைவிக்கிற மனுசனுக்கு இந்த வாய்ப்பந்தல் என்னத்துக்கு?” என்று என் மனைவி பிலோமினா கேட்பாள். கைதட்டல் கேட்டுப் பழகிய காதுக்கு அது ஏறவே ஏறாது.

போன வருடம் பங்குச் சாமியார் கொடுத்த தலைப்பு, ‘மக்களின் மருத்துவச் செலவு அரசின் கடமையா, அவரவர் பொறுப்பா?’ என்பது. ‘அவரவர் பொறுப்பு’ பக்கம் எனக்கு என்று நானே கேட்டு வாங்கினேன். அந்தப் பக்கம் பேச என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை என்று ஊரே நம்பியது. அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான் நெஞ்சுவலி வந்து, மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு திரும்பியிருந்தேன். “அம்புட்டும் நம்ம சொந்தக் காசு. எவன்கிட்டயும் கையேந்தல” என்று பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் கட்டிலில் படுத்தபடியே சொன்னேன்.

பச்சைப் பொய். அரசாங்கக் காப்பீட்டுக் கார்டில்தான் எனக்கு ஸ்டென்ட் வைத்தார்கள்.

மூன்று ஏக்கர் திராட்சை வைத்திருக்கிறவனுக்கு அந்தக் கார்டு எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் இது ஒரு சங்கதியே இல்லை. அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சில் நிலத்தைப் பிரித்துக்கொள்வோம். பட்டா மட்டும் செத்துப்போன தாத்தா பெயரில் அப்படியே கிடக்கும். காகிதத்தில் பார்த்தால் நான் ஒரு சென்ட் நிலம் இல்லாத பரதேசி. வருமானச் சான்றிதழ் வாங்கி, தேனி கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்று, குடும்பத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டு கார்டை வாங்கிவந்தோம். கிடைப்பதை விடுவானேன் என்றுதான் போனேன். பிறகு அது பீரோவில் பைபிளுக்கு அடியில் கிடந்தது. சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் அதைச் சொல்லவில்லை. ‘பொய் சொன்னேன் சாமி’ என்று பொதுவாக முடித்துக்கொண்டேன்.

பட்டிமன்றத்துக்கு வருகிறேன். எதிர்ப்பக்கத் தலைமை அனிதா மேரி, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட டீச்சர். நடுவர் தேவதானப்பட்டியிலிருந்து வந்த சுந்தர்ராஜ். நான் முதலில் பேசினேன். அரசாங்கப் பணம் என்று ஒன்று தனியாக இல்லை, அது கடன் வாங்கிக் கொடுக்கிற பணம், நம் பேரப்பிள்ளைகள் தலையில் விடிகிற பணம் என்றேன். ஓசி வைத்தியம் இருந்தால் எவன் உடம்பைப் பேணுவான் என்றேன். நல்ல கைதட்டல்.

அப்புறம் அந்தப் பெண் எழுந்தது. மைக்கைப் பிடித்ததுமே என்னைப் பார்த்து ஒரே கேள்வி.

“ஐயா, உங்க தோட்டத்து மோட்டாருக்கு மாசம் எவ்வளவு கரண்டு பில் கட்டுறீங்க?”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. விவசாயத்துக்குக் கரண்டு இலவசம் என்று தெரியாத ஆள் எங்கள் ஊரில் உண்டா? பதிலையும் அந்தப் பெண்ணே சொன்னது.

“ஒரு பைசா கெடையாது. அதைத் தப்புன்னு நான் சொல்லல, குடுக்கணும். ஆனா திராட்சைக் கொடி வாடாம பாத்துக்கறது அரசோட கடமைன்னா, அந்தப் பந்தலுக்குக் கீழ நின்னு கவாத்து வெட்டுற மனுசன் வாடாம பாத்துக்கறது யாரோட கடமை?”

விசில் பறந்தது. நடுவர் தொடையில் தட்டினார். எனக்கு முகம் சுண்டிப்போனது. பதிலுக்கு என்னிடம் சரக்கு இல்லை. சரக்கு இல்லாதபோது நான் கையில் எடுப்பது நக்கல். மறுப்புரைக்கு எழுந்ததும், எதிரே டியூப்லைட் கம்பத்தில் சாய்ந்து நின்ற சுருளியாண்டி என் கண்ணில் பட்டான்.

சுருளியாண்டி என் தோட்டத்து ஆள். இருபது வருடமாக என் கொடிகளுக்குக் கவாத்து வெட்டுகிறவன். எந்தக் கணுவில் வெட்டினால் எத்தனை கொத்து இறங்கும் என்று அவன் கைக்குத் தெரியும். அன்றைக்கு மேடைக்கு முன்னால் நாற்காலி போட்டவனும் அவன்தான். இரண்டு மாதம் முன்னால் அவனுக்குக் கிட்னியில் கல் அடைத்து, காப்பீட்டுக் கார்டில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்திருந்தான்.

“நம்ம ஊர்லயே ஒரு ஆள் இருக்காரு” என்று ஆரம்பித்தேன். “பேர் சொல்ல மாட்டேன். கிட்னியில கல்லு. கார்டைக் கொண்டுபோயி நீட்டுனாரு. கல்லை எடுத்தாச்சு. வீட்டுக்குப் போப்பான்னா மனுசன் எந்திரிக்க மாட்டேங்கிறாரு. ‘டாக்டரே, கார்டுல பேலன்ஸ் இருக்கா?’ன்னு கேட்டாராம். ‘நெறைய இருக்கு’ன்னாராம் டாக்டர். அன்னையில இருந்து ஆளு தண்ணி குடிக்கிறதையே நிப்பாட்டிட்டாரு! என்னத்துக்கு? வருசம் முடியிறதுக்குள்ள இன்னொரு கல்லு விழுகணும்ல!”

பந்தலே அதிர்ந்தது. முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த இட்லிக்கடை அக்கம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாமியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஊரில் அந்த வருடம் கல் எடுத்தவன் ஒரே ஒரு ஆள்தான். அத்தனை தலையும் டியூப்லைட் கம்பத்துப் பக்கம் திரும்பின. சுருளியாண்டியும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவன் மனைவி ராமுத்தாய் மட்டும் பாயை விட்டு எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள். அதையும் நான் மேடையிலிருந்து பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த நக்கலுக்குப் போனேன்.

தீர்ப்பு ‘அரசின் கடமையே’ என்று வந்தது. ஆனால் பொன்னாடையை எனக்குப் போர்த்தும்போது சுந்தர்ராஜ், “இந்தப் பேலன்ஸை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்யா” என்றார். ஜெயித்தது நான்தான் என்று வீட்டுக்குப் போனேன். பிலோமினா சோற்றைப் போட்டாள். தான் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து சுருளியாண்டிக்கு ‘பேலன்ஸ்’ என்று பெயர் விழுந்துவிட்டது. டீக்கடை வேல்பாண்டி அவனைக் கண்டதும், “என்ன சுருளி, காசு குடுக்கறியா, கார்டுல போட்டுக்கவா?” என்பான். ரேஷன் கடை வரிசையில், “வழி விடுங்கப்பா, பேலன்ஸ் வாறாரு” என்பார்கள். அவன் பல்லைக் காட்டிவிட்டுப் போய்விடுவான். நானும் அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். என் வசனம் ஊர் வாயில் நடமாடுகிறது என்று எனக்கு உள்ளுக்குள் பூரிப்பு. கேடுகெட்ட பூரிப்பு, வேறென்ன சொல்ல?

கார்த்திகை வாக்கில் அவன் வேலையில் ஒரு மந்தம் தெரிந்தது. களை வெட்டிக்கொண்டே இருப்பான், திடீரென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு கல்தூணில் சாய்வான். என்னடா என்றால், “வாழத்தண்டுச் சாறு குடிக்கிறேண்ணே, சரியாயிரும்” என்பான். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி வாங்கிப் போட்டிருக்கிறான். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன கிழித்திருப்பேன்? ஒருநாள் அவன் தூணோடு சாய்ந்து நிற்கும்போது, “தண்ணியக் குடிலே சுருளி, பேலன்ஸ் அடுத்த வருசத்துக்கும் வரும்” என்று நானே சொன்னேன். அவன் சிரித்தான். அப்போது அவனுக்கு உயிர் போகிற வலி இருந்திருக்கும். அதைச் சொன்ன இந்த வாயை என்ன செய்தால் தகும் என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை.

தை மாதம், கவாத்து தொடங்கிய மூன்றாம் நாள் காலை. தோட்டத்துக்குப் போனபோது மற்ற ஆட்கள் வரவில்லை. பந்தலுக்குக் கீழே, வெட்டிப்போட்ட குச்சிகளுக்கு நடுவில் சுருளியாண்டி சுருண்டு கிடந்தான். கத்திரி இன்னும் விரலில் மாட்டியிருந்தது. தொட்டால் அனலாகக் கொதித்தான். பல் அடித்துக்கொண்டது.

“ஏலே! ஏலே சுருளி!”

“ஒண்ணுமில்லண்ணே. செத்த படுத்தா சரியாயிரும். ரெண்டு வரிசதேன் பாக்கி.”

தூக்கிக் காரில் போட்டேன். வீட்டு வாசலில் நிறுத்தி ராமுத்தாயை ஏற்றினேன். “கார்டை எடுத்துக்க ஆத்தா” என்றேன். அவள் காதில் வாங்காதவள் மாதிரி ஏறி, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். உத்தமபாளையம் தாண்டியது. சின்னமனூர் வந்தபோது நான் மறுபடியும் கார்டைக் கேட்டேன்.

“அது குச்சனூர்ல போயிருச்சு” என்றாள்.

“தொலச்சுப்புட்டீகளா?”

“தொலைக்கல. இவுகதான் விட்டாக.”

குச்சனூரில் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிறவர்கள் முன்னால் ஓடுகிற தண்ணீரில் முழுகிவிட்டு, உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள். துணியோடு பீடையும் போய்விடும் என்று நம்பிக்கை. நாங்கள் வேதக்காரர்கள் என்றாலும் சுற்றுப்பட்டில் இது எங்களுக்கும் தெரிந்த வழக்கம்தான்.

“திருவிழா முடிஞ்ச மறு சனிக்கிழம போனோம்” என்றாள் ராமுத்தாய். “சட்டப் பையில அந்தக் கார்ட வச்சாக. ‘எம்மேல இருக்க சனி இதுதேன், இதோட போகட்டும்’னு சொல்லிச் சட்டையோட தண்ணியில விட்டாக. நான் கையப் பிடிச்சேன், கேக்கல. பெறகு வலி வந்துச்சு. ஆசுபத்திரிக்குப் போவம்னேன். எந்த ஆசுபத்திரிக்குப் போனாலும் கார்டு இருக்கான்னுதேன் மொதல்ல கேப்பாக, மறுபடி அந்தச் சிரிப்பா, வேணவே வேணாம்னு வாழத்தண்ட அரைக்கச் சொன்னாக.”

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அழவில்லை. என் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கார்டு எங்களுக்குச் சாமி மாதிரி இருந்துச்சுண்ணே. அதச் சனியாக்குனது யாரு? நீங்களே சொல்லுங்க.”

நான் கண்ணாடியைத் திருப்பிவிட்டேன். அப்படியே தேனி வரைக்கும் காரை விரட்டினேன்.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோனார்கள். காப்பீட்டு கவுண்டரில் ஷெரின் என்று ஒரு பெண் இருந்தாள். சட்டையில் பெயர் குத்தியிருந்தது. நான் நின்று தயங்கித் தயங்கி, கார்டு இல்லை, ஆற்றோடு போய்விட்டது, இனி என்ன செய்வது என்றேன்.

“ரேஷன் கார்டு இருக்கா சார்?”

ராமுத்தாய் இடுப்புப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் நம்பரைத் தட்டினாள். திரையில் சுருளியாண்டியும் ராமுத்தாயும் பக்கத்தில் பக்கத்தில் விறைப்பாக நிற்கும் போட்டோ வந்தது.

“கார்டு போனா என்ன, பதிவு போகாதுல்ல சார். இந்தாங்க” என்று ஒரு தாளை அச்செடுத்து நீட்டினாள்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அரை நிமிடத்துக்குத் துணிவில்லாமல் ஒரு மனிதன் ஐந்து மாதம் வாழைத்தண்டைக் குடித்துக் கிடந்தான். தாளை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

இன்னொரு கல் அடைத்து, கிட்னி முழுக்கச் சீழ் பிடித்திருந்தது. ரெண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் குழாய் வைத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். இனி எடுத்துத்தான் ஆக வேண்டும், விட்டால் உயிருக்கே ஆபத்து. சொன்னபடியே எடுத்தார்கள். உயிர் பிழைத்தான். ஒரு கிட்னி போனது போனதுதான்.

எட்டாம் நாள் வார்டில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ராமுத்தாய் துணி அலசப் போயிருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். பட்டிமன்றத்துக்குக்கூட நான் அப்படித் தயாரானது இல்லை.

“சுருளி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு மதுரையில வைத்தியம் பாத்தாகள்ல, அது சொந்தக் காசு இல்லப்பா. எனக்கும் கார்டுலதான் பாத்தாக. ஒனக்கு இருக்க அதே கார்டு.”

அவன் மெல்லத் தலையைத் திருப்பினான்.

“தெரியும்ணே” என்றான்.

நான் கட்டில் பக்கம் குனிந்தேன்.

“எப்படித் தெரியும்?”

“ஒங்களக் காருல கொண்டுபோன பெறகு, மதினி ஆசுபத்திரியில இருந்து போன் போட்டாக. பீரோவுல பைபிளுக்கு அடியில கார்டு இருக்கு, ரேஷன் கார்டையும் சேத்து எடுத்துட்டு ஓடியா தம்பின்னாக. பஸ்ஸப் பிடிச்சு நாந்தேன் மதுரைக்குக் கொண்டாந்தேன். நீங்க உள்ள மயக்கத்துல கெடந்தீக.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“மதினி யார்ட்டயும் சொல்லிராதன்னாக. அண்ணனுக்கு வெக்கமா இருக்கும்னாக. பெறகு நான் எதுக்குச் சொல்றேன்? ராமுத்தாய்க்குக்கூடத் தெரியாதுண்ணே.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். “ஒங்களுக்கு நல்லபடியாப் பாத்து அனுப்புனாகள்ல, அதப் பாத்துட்டுத்தேன் நானும் தேனிக்கு வந்து கார்டு போட்டேன். அது வரைக்கும் எனக்கு இதெல்லாம் நம்பிக்க கெடையாது.”

வார்டு முழுக்க ஆட்கள் இருந்தார்கள். எவன் பார்த்தால் என்ன என்று எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

“அப்ப அன்னைக்கு மேடையில நான் பேசுறப்ப நீ என்னதான்டா நெனச்ச?”

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னான்.

“அண்ணே மறந்துட்டாக போலன்னு நெனச்சேன்.”

என்னைத் திட்டியிருக்கலாம். ராமுத்தாய் மாதிரி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். காறித் துப்பியிருந்தால்கூடத் துடைத்துக்கொண்டு போயிருப்பேன். அவன் எனக்குச் சாக்குத் தேடிக் கொடுத்தான். ஊர் முழுக்க அவனைப் பார்த்துச் சிரித்தபோது அவன் வாயில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் சிரிப்பு முழுக்க என் பக்கம் திரும்பியிருக்கும். துண்டால் வாயைப் பொத்தியது சிரிப்பை அடக்க என்று நான் நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து பிலோமினாவிடம் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“ஆமா, அந்தத் தம்பிதான் கொண்டாந்துச்சு. மழையில நனைஞ்சு, கார்டு நனையாம மடியில கட்டிக் கொண்டாந்துச்சு. அன்னைக்கு மேடையில நீங்க பேசிட்டு எறங்குறப்ப, இந்த மனுசங்கூட எப்படிடா சோறு திங்கிறதுன்னு இருந்துச்சு எனக்கு.”

அடுத்த திங்கட்கிழமையே தாலுகா ஆபீசுக்குப் போய், பட்டாவைப் பிரிக்க எழுதிக் கொடுத்தேன். நிலம் என் பெயருக்கு வந்தால் கார்டு போய்விடும், போகட்டும். இல்லாதவனுக்கு வைத்ததை இருக்கிறவன் திருட்டுத்தனமாக எடுத்து, எடுத்ததை மறைத்து, மறைத்ததை வைத்து இல்லாதவனையே கேலி பண்ணினேன். இதற்கு என்ன பெயர் என்று எந்த நடுவரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வருடத் திருவிழா வந்தது. ‘குடும்ப மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் கணவனா, மனைவியா?’ என்று தலைப்பு. அதே சுந்தர்ராஜ் நடுவர். நான் எழுந்ததும் பின்னாலிருந்து, “பேலன்ஸ் சொல்லுங்க, பேலன்ஸ்!” என்று கத்தினார்கள். சுருளியாண்டி ராமுத்தாயோடு பாயில் உட்கார்ந்திருந்தான். இப்போது அவனுக்கு நாற்காலி தூக்குகிற தெம்பில்லை.

“பேலன்ஸ்தான் சொல்லப்போறேன்” என்றேன். சட்டைப் பையிலிருந்து என் கார்டை எடுத்துத் தூக்கிப் பிடித்தேன். “இது எங்கிட்ட இருக்க கார்டு. எனக்கு நெஞ்சுவலி வந்தப்ப இதை வச்சுத்தான் வைத்தியம் பாத்தேன். சொந்தக் காசுன்னு ஊரை ஏமாத்துனேன். தோட்டத்தை மறைச்சு வாங்குன கார்டு இது.”

பந்தல் அதிரச் சிரித்தார்கள். வேல்பாண்டி விசிலடித்தான். சுந்தர்ராஜ் மேசையில் தட்டி, “மொகத்தைப் பாருங்கய்யா, அழுகிற மாதிரியே நடிக்கிறாரு!” என்றார். “நடிக்கலய்யா” என்றேன். அதற்கு இன்னும் சிரித்தார்கள். “சத்தியமா நெசம்” என்று கத்தினேன். அதற்கும் கைதட்டல். பதினைந்து வருடமாக இவர்களைச் சிரிக்கவே பழக்கியிருக்கிறேன். நிறுத்துவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது சுருளியாண்டி எழுந்தான். விலாவில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாகத்தான் எழுந்தான். முதலில் பிலோமினாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் நிற்பதைப் பார்த்ததும் பக்கத்திலிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். அப்படியே பின்வரிசை வரை சிரிப்பு அடங்கிப்போனது.

“சிரிக்காதீகப்பா” என்றான். “அண்ணே சொல்றது நெசம். அந்தக் கார்ட மதுரைக்கு நாந்தேன் கொண்டுபோய்க் குடுத்தேன்.”

உட்கார்ந்துவிட்டான். ராமுத்தாய் அவனையே பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவார்கள், திட்டட்டும், வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். இதோடு எல்லாம் முடிந்தது என்றுகூட ஒரு ஆறுதல் வந்தது.

முன்னால் பாயில் யாரோ எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. இட்லிக்கடை அக்கம்மாள். போன வருடத்துக்குப் பாதியாக இளைத்திருந்தாள். வயிறு மட்டும் சேலைக்கு மேலே உப்பித் தெரிந்தது. அதைக் கையால் தாங்கிக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் வந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள். மைக் அதை ஊருக்கே சொல்லிவிட்டது.

“வயித்துல கட்டி இருக்கு, கார்டக் கொண்டுபோய்க் காட்டுன்னு போன வருசமே டாக்டரம்மா சொன்னாக. நீங்க பேசுனதக் கேட்ட பெறகு, நாலு பேருக்கு இட்லி விக்கிற எடத்துல நம்மளயும் இப்படித்தான சிரிப்பாகன்னு நான் போகல. அப்ப போகலாமா தம்பி?”

பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக, கையில் மைக் இருந்தும் எனக்குப் பேச்சு வரவில்லை.